மழைக்குப் பிறகு தக்காளி கருகுகிறது: எல்லாவற்றையும் பிடுங்கத்தான் வேண்டுமா?

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் இருபது தக்காளி வைத்திருக்கிறாராம். ஒரு கிழமை விடாமல் பெய்த மழைக்குப் பிறகு இலைகள் கருகத் தொடங்கியிருக்கின்றன. பக்கத்து வீட்டு அண்ணர் பார்த்துவிட்டு, "இது லேட் பிளைட், எல்லாவற்றையும் பிடுங்கி எறி" என்கிறாராம். கடைக்காரர் ஒரு மருந்தைக் கொடுத்து அடிக்கச் சொல்லியிருக்கிறார். அடித்தும் கருகல் நிற்கவில்லை. இரண்டு பேரில் யார் சொல்வதைக் கேட்பது என்பது அவருடைய கேள்வி.

தங்கச்சி, நாளைக் காலை வரைக்கும் இரண்டையும் நிறுத்தி வையுங்கள். பிடுங்கவும் வேண்டாம், மருந்தடிக்கவும் வேண்டாம். விடிந்ததும், இலையில் ஈரம் காயுமுன் தோட்டத்துக்குப் போய், கருகிய இலைகளைப் புரட்டி அடிப்பக்கத்தைப் பாருங்கள். கருகிய இடத்தின் ஓரத்தில் மெல்லிய வெள்ளைப் பூஞ்சணம் மாவு தூவியதுபோலப் படர்ந்திருந்தால் அண்ணர் சொன்னது சரி. அப்படி எதுவும் இல்லாமல், கருகிய புள்ளிக்குள் வளையம் வளையமாகக் கோடுகள் தெரிந்தால் அது வேறு நோய். அதற்காக இருபது செடியையும் பிடுங்கினால் வீண் நட்டம்.

வன்னியில் தக்காளி கருகினால் பெரும்பாலும் அது லேட் பிளைட், அதாவது பின்கருகல், இல்லை. பின்கருகலை உண்டாக்குவது பைட்டோப்தோரா இன்பெஸ்டன்ஸ் என்ற நுண்ணுயிர். 1845 முதல் சில ஆண்டுகள் அயர்லாந்தில் உருளைக்கிழங்கை அழித்துப் பத்து இலட்சம் அளவில் சனத்தைப் பட்டினியிலும் நோயிலும் சாகடித்தது இதே கிருமிதான். தக்காளியும் உருளைக்கிழங்கும் ஒரே குடும்பம் என்பதால் இரண்டையும் பிடிக்கிறது. பார்வைக்குப் பூஞ்சணம் மாதிரி இருந்தாலும் இது உண்மையான பூஞ்சணம் அல்ல, ஊமைசீற்று என்ற வேறு இனம். கடை மருந்து ஏன் வேலை செய்யவில்லை என்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தக் கிருமிக்குக் குளிரும் ஈரமும் சேர்ந்து வேண்டும். வெப்பம் 15 முதல் 22 பாகைக்குள் இருந்து, இலை மணிக்கணக்கில் நனைந்தபடியே கிடந்தால் அது கொண்டாட்டமாகப் பெருகும். 30 பாகைக்கு மேல் போனால் அடங்கிவிடும். குளிரான மலைநாட்டில், நுவரெலியா, வெலிமடைப் பக்கம் அது ஏன் பெரிய தலையிடி என்பது இதிலேயே விளங்கும். நம்முடைய பக்கம் வருடத்தில் முக்கால்வாசி நாள் அதற்கு ஒத்துவராது. சித்திரை முதல் புரட்டாதி வரை முல்லைத்தீவு, கிளிநொச்சி வெயிலில் அதன் வித்திகள், அதாவது அது பரவ உதவும் விதைபோன்ற நுண்துகள்கள், காய்ந்தே செத்துப்போகும்.

ஆனால் வராது என்று அடித்துச் சொல்லவும் முடியாது. கார்த்திகை, மார்கழி, தையில் வடகீழ்ப் பருவக்காற்று நாட்களில் இரவு வெப்பம் 21, 22 பாகைக்கு இறங்கும். வானம் மூடி, தூறல் விடாமல், பகலிலும் வெயில் தலைகாட்டாத நாட்கள் நாலைந்து தொடர்ந்து வருவதுண்டு. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் நாட்களில் வடக்கிலும் கிழக்கிலும் குளிர் தாங்காமல் மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தது உங்களுக்கு நினைவிருக்கும். அப்படியான காலநிலை பைட்டோப்தோராவுக்கு நல்ல விருந்து. ஆகவே அண்ணர் சொன்னதைச் சும்மா தள்ளிவிடாமல், பார்த்து உறுதிசெய்யுங்கள்.

வடிவாகப் பார்க்க வேண்டியது இவைதான். பின்கருகல் இலையின் நுனியிலோ ஓரத்திலோ, கொதிநீர் பட்டு வெந்ததுபோல ஈரமான கரும்பச்சைத் திட்டாகத் தொடங்கும். அடியிலை, மேலிலை என்று பார்க்காது, எங்கேயும் வரும். திட்டு நரம்புகளைக் கடந்து பரவும், உள்ளே வளையம் இருக்காது. இரண்டு மூன்று நாளில் இலை முழுக்கப் பழுப்பாகிச் சுருளும். தண்டிலும் இலைக்காம்பிலும் கருங்கபிலத்தில் நீளமான தழும்புகள் தெரியும், இது முக்கியமான அடையாளம். பச்சைக் காயில், பெரும்பாலும் காம்புப் பக்கத் தோளில், எண்ணெய் தடவினாற்போலக் கபிலநிறத் திட்டு வரும். தொட்டால் அழுகலாக இராது, கெட்டியாக இருக்கும். நோய் ஓடும் வேகமும் ஒரு சாட்சி. ஞாயிறு பார்க்கும்போது நாலு இலை, புதன் பார்க்கும்போது பாதிச் செடி என்றால் பின்கருகலாக இருக்க இடமுண்டு. ஒரு மாதமாக அடியிலைகள் ஒன்றொன்றாகக் கருகி வருகின்றன என்றால் அது நிச்சயம் இது இல்லை.

காலையில் பார்த்தும் சந்தேகம் தீராவிட்டால் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். புதிதாகத் திட்டு விழுந்த இலைகள் இரண்டு மூன்றைப் பறித்து, நனைத்துப் பிழிந்த கடதாசித் துண்டோடு ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டுக் கட்டுங்கள். அடுப்படிச் சூடு படாத, குளிர்ந்த மூலையில் ஒரு இரவு வையுங்கள். குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்க வேண்டாம், அந்தக் குளிர் அதிகம். விடிய எடுத்துப் பார்த்தால், பின்கருகலாக இருந்தால் திட்டின் ஓரத்தைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு முளைத்திருக்கும்.

இனி, வன்னியில் உண்மையாக அடிக்கடி வருகிறவற்றைச் சொல்கிறேன். முதலாவது முன்கருகல். அல்டர்னேரியா என்ற பூஞ்சணம் செய்கிற வேலை. வெக்கையும் ஈரமும் மாறிமாறி வரும் இடங்களில் அதற்கு நல்ல வாழ்வு, அதனால் நம்முடைய மழைக்காலம் அதற்குத் தோதானது. அடியில் உள்ள முதிர்ந்த இலைகளில் தொடங்கி மேலே ஏறும். கபிலப் புள்ளி, உள்ளே ஒன்றுக்குள் ஒன்றாக வளையம், சுற்றிவர மஞ்சள். இதற்காக ஒரு செடியைக்கூடப் பிடுங்க வேண்டியதில்லை. காய்ப்பிடித்த முதற்குலைக்குக் கீழே உள்ள இலைகளைக் கத்தரித்து அப்புறப்படுத்தி, அடிமண்ணுக்கு வைக்கோல் போட்டு, இலையில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டால் செடி சமாளித்துக்கொண்டு காய்க்கும். உங்கள் இருபது செடியிலும் இதுதான் இருக்கும் என்பது என் ஊகம்.

இரண்டாவது பற்றீரியா வாடல். இலை கருகாது, நேற்று நன்றாக நின்ற செடி இன்று மத்தியானம் பச்சையாகவே தலை தொங்கும். மாலையில் கொஞ்சம் எழும்பும், அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ எழும்பாது. அடித்தண்டில் இரண்டு அங்குலத் துண்டு வெட்டி, கண்ணாடிக் கிளாசில் தெளிந்த நீரில் பாதி மூழ்கும்படி பிடியுங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால்போன்ற நூல்கள் கீழே இறங்கினால் அது வாடல். இதற்கு அடிக்கக்கூடிய மருந்து இல்லை. அந்தச் செடியை வேர்மண்ணோடு எடுத்து அப்புறப்படுத்தி, அந்த இடத்தில் தக்காளி, கத்தரி, மிளகாய் எதையும் சில போகங்களுக்கு வைக்காமல் விடுவதுதான் வழி. வாடலை ஓரளவு தாங்கும் திலின போன்ற இனங்களின் விதை கிடைத்தால் அடுத்த முறை அதைப் பாருங்கள்.

இலை சுருண்டு, மஞ்சளாகி, செடி குட்டையாக நிற்பது வெள்ளை ஈ கொண்டுவரும் வைரசு. காயின் அடிப்பக்கம் கறுத்துக் காய்ந்த தோல்போல ஆவது நோயே இல்லை. தண்ணீர் ஒழுங்காக விடாததால் காய்க்குக் கல்சியம் போய்ச் சேராத குறை. இந்த இரண்டையும் கருகல் என்று நினைத்து மருந்தடிப்பவர்கள் நிறைய.

சரி, சோதனையில் வெள்ளைப் பஞ்சு வந்துவிட்டது, உண்மையான பின்கருகல் என்று வைத்துக்கொள்வோம். அப்போது தயவுதாட்சண்யம் வேண்டாம். ஒரு செடியில் அங்கொன்று இங்கொன்றாகத் திட்டு என்றால் அந்த இலைகளை எடுத்துவிட்டு நாலைந்து நாள் கண்காணிக்கலாம். தண்டில் தழும்பு வந்துவிட்டால் அந்தச் செடி பிழைக்காது. காய் நிறைய இருக்கிறதே என்று இரண்டு கிழமை வைத்துப் பார்த்தால், ஒரே ஒரு செடி இலட்சக்கணக்கில் வித்திகளை உற்பத்தி செய்து உங்களுடைய மற்றப் பத்தொன்பதுக்கும், காற்றோடு காற்றாக அயல் தோட்டங்களுக்கும் அனுப்பிவிடும். வீட்டுத்தோட்டக்காரர் ஒருவர் தயங்குவதால் அடுத்த காணியில் அரை ஏக்கர் தக்காளி வைத்துச் சீவிக்கிற குடும்பத்துக்கு இழப்பு வருவது எனக்குப் பொறுக்காத விஷயம். ஆகவே பிடுங்கவேண்டிய செடியைக் கெதியாகப் பிடுங்குங்கள்.

பிடுங்குகிற நாளையும் பார்த்துத் தெரியுங்கள். இலை நனைந்திருக்கும்போது கை வைத்தால் வித்திகள் எல்லா இடத்துக்கும் தெறிக்கும். வெயில் வந்து இலை காய்ந்த பிறகு, பெரிய கறுப்புப் பொலித்தீன் பையைச் செடிக்கு மேலாகக் கவிழ்த்து, பைக்குள்ளேயே வெட்டி எடுத்து வாயைக் கட்டுங்கள். அந்தப் பையை நல்ல வெயிலில் சில நாள் விட்டால் உள்ளே உள்ளது வெந்து செத்துவிடும். அல்லது இரண்டு அடி ஆழத்துக்குக் குழிவெட்டிப் புதையுங்கள். பச்சைச் செடியைக் கூட்டெருக் குவியலில் மேலாகப் போடுவது, வேலியோரம் எறிவது இரண்டும் கூடாது. இந்தக் கிருமி உயிருள்ள செடியில்தான் வாழும். செடி முழுக்க மக்கிவிட்டால் அதுவும் போய்விடும். மண்ணைப் பற்றிப் பயப்படத் தேவையில்லை. வேலை முடிந்ததும் கை, கத்தி, உடுப்பு எல்லாம் கழுவிவிட்டுத்தான் மற்றச் செடிகளைத் தொடவேண்டும்.

நோய் தொடாத காய்களைப் பறித்து வைத்துக்கொள்ளலாம். சாப்பிடுவதால் உங்களுக்கு எதுவும் வராது. பழுக்கவைப்பதாக இருந்தால் ஒன்றோடொன்று முட்டாமல் பரப்பி, தினமும் பார்த்து, திட்டு வந்ததை எடுத்துவிடுங்கள். காயாகவே பால்விட்டுக் கறி வைத்து முடித்துவிடுவது இன்னும் நல்லது. விதைக்கு மட்டும் அந்தக் காய்களை எடுக்க வேண்டாம்.

இப்போது மருந்துக் கதைக்கு வருவோம். கடைகளில் பொதுவாகப் "பங்கசு மருந்து" என்று கேட்டால் கார்பன்டசிம் வகையோ தெபுகோனசோல் வகையோ கையில் கிடைப்பது வழக்கம். உண்மையான பூஞ்சணத்துக்கு அவை கேட்கும். ஊமைசீற்றுக்கு அவை ஒன்றும் செய்யாது, ஏனென்றால் அந்த மருந்துகள் தாக்குகிற இடமே அதன் உடலில் அப்படி அமையவில்லை. பின்கருகலுக்குக் கேட்பவை வேறு. வருமுன் இலையில் கவசமாக நிற்பவை மங்கோசெப், குளோரோதலோனில், செம்பு கலந்த மருந்துகள். வந்த தொடக்கத்தில் இலைக்குள் போய் வேலை செய்பவை மெட்டலாக்சில், சைமொக்சனில் போன்றவை, பெரும்பாலும் மங்கோசெப்போடு கலந்தே விற்பார்கள். ஆகவே உங்களிடம் உள்ள போத்தலின் பெயரை முதலில் வாசித்துப் பாருங்கள். எந்த மருந்தும் கருகிய இலையைப் பச்சையாக்காது; புதிய இலையைக் காக்கும், அவ்வளவுதான். அடித்த மறுநாள் பழைய திட்டைப் பார்த்து "கேட்கவில்லை" என்று இன்னொரு மருந்தை ஏற்றிக் கலப்பது பணத்துக்கும் உடம்புக்கும் கேடு.

என்னுடைய அபிப்பிராயம் இது: இருபது செடிக்கு, வீட்டுப் பிள்ளைகள் பறித்துச் சாப்பிடும் தோட்டத்தில், மங்கோசெப்பும் குளோரோதலோனிலும் தேவையில்லை. ஐரோப்பிய ஒன்றியம் குளோரோதலோனிலுக்கு 2019இலும் மங்கோசெப்புக்கு 2020இலும் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது. ஏக்கர்க்கணக்கில் செய்பவருக்கு வேறு கணக்கு, அவரைக் குறை சொல்ல மாட்டேன். வீட்டுக்கு அடிக்கத்தான் வேண்டும் என்றால் போர்டோக் கலவை போதும். பிரான்சில் திராட்சைக்காக மிலார்டே 1885இல் வெளியிட்ட பழைய மருந்து, இன்றும் நம்பத் தகுந்தது.

பத்து லீற்றருக்கு 100 கிராம் மயில்துத்தமும் (செம்பு கலந்த நீல உப்பு) 100 கிராம் சுட்ட சுண்ணாம்பும் வேண்டும். இளஞ்செடி என்றால் இரண்டிலும் பாதி போதும், இல்லாவிட்டால் குருத்து பொசுங்கும். துத்தத்தை ஒரு பிளாஸ்டிக் வாளியில் ஐந்து லீற்றர் நீரில் கரையுங்கள், இரும்பு வாளி கூடாது. சுண்ணாம்பை இன்னொரு வாளியில் கொஞ்சம் கொஞ்சமாக நீர்விட்டு நீற்றி, ஆறியதும் ஐந்து லீற்றராக்குங்கள். சூடு கிளம்பும், கண் கவனம். பிறகு துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலுக்குள் மெல்ல ஊற்றிக் கலக்குங்கள். மாற்றி ஊற்ற வேண்டாம். துரு இல்லாத சாதாரண இரும்பு ஆணியை ஒரு நிமிடம் அமிழ்த்தி எடுங்கள். ஆணியில் செம்பு படிந்து சிவந்தால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும். சிவக்காவிட்டால் சரி. துணியில் வடித்து, அன்றைக்கே அடித்து முடிக்கவேண்டும், மறுநாளைக்கு வைக்கக்கூடாது. இலை காய்ந்திருக்கும் காலைவேளையில், அடிப்பக்கமும் படும்படி அடியுங்கள். மழை வருவதற்கு முந்திய நாட்களில் அடித்தால்தான் பலன். வந்து கருகியபின் அடித்து என்ன. கழுவிய நீரைக் கிணற்றடியிலோ குளத்துக்கு ஓடும் வாய்க்காலிலோ ஊற்றிவிடாதீர்கள். செம்பு மீனுக்கு நஞ்சு. வன்னியில் தோட்டக் கிணறும் குடிகிணறும் பல வீடுகளில் ஒன்றே.

வேப்பெண்ணெய், சாம்பல், அப்பச்சோடா, பால் என்று ஊரில் பலதும் சொல்வார்கள். வேப்பெண்ணெய் வெள்ளை ஈக்கு நல்லது, அப்பச்சோடா சாம்பல் நோய்க்குக் கொஞ்சம் உதவும். பின்கருகலுக்கு இவற்றை நம்பி நாளைக் கடத்தினால் தோட்டம் போய்விடும்.

மருந்தைவிட எனக்கு நம்பிக்கை உள்ளது இலை நனையாமல் பார்ப்பதில்தான். பின்கருகலோ முன்கருகலோ, இரண்டுக்கும் இலையில் பல மணிநேரம் தண்ணீர் நிற்கவேண்டும். அதைக் கொடுக்காவிட்டால் வித்தி வந்து விழுந்தாலும் முளைக்காது. இருபது செடிக்குக் கூரை போடுவது பெரிய வேலை அல்ல. நாலு கப்பு நட்டு, குறுக்கே கம்பு கட்டி, வெளிச்சம் உள்ளே வரும் தெளிந்த பொலித்தீனைச் சரிவாக இழுத்துக் கட்டினால் போதும். நாலு பக்கமும் திறந்திருக்க வேண்டும், மூடினால் உள்ளே புழுக்கம் சேர்ந்து நோய் இன்னும் கூடும். தறப்பாள் கூடாது, வெளிச்சம் போகாது. உரப்பையில் வைத்திருப்பவர்கள் அடைமழை நாட்களில் பைகளைத் தாழ்வாரத்துக்கு இழுத்துவிடலாம், பீலித் தண்ணீர் தெறிக்காத இடமாகப் பார்த்து.

செடிக்குச் செடி ஒன்றரை அடி, வரிசைக்கு வரிசை இரண்டரை அடிக்குக் குறைய வேண்டாம். காணி சிறிது என்று நெருக்கி நடுவது நம் சனத்தின் பழக்கம். பத்துச் செடி காற்றோட்டமாக நின்றால் நெருங்கி நிற்கும் இருபதைவிட அதிகம் காய்க்கும் என்று தைரியமாகச் சொல்வேன். ஒவ்வொன்றுக்கும் தடி நட்டு, நிலத்தில் படரவிடாமல் கட்டுங்கள். தண்ணீரைக் காலையில் அடியில் ஊற்றுங்கள். பின்னேரம் ஹோஸ் பைப்பால் தலையில் பீச்சி அடித்தால் விடியும் வரை இலை காயாது, மழை இல்லாத நாளிலும் நீங்களே மழையை உண்டாக்கிக் கொடுத்ததாகிவிடும். தை, மாசியில் பனி விழும் நாட்களில் இது இன்னும் முக்கியம்.

நடுகிற காலமும் ஒரு மருந்துதான். ஐப்பசியில் நட்டால் பூக்கிற நேரம் சரியாக அடைமழைக்குள் அகப்படும். கார்த்திகைக் கடைசியில் கூரைக்குக் கீழே நாற்றுப்போட்டு, மார்கழி நடுவுக்குப் பிறகு மேட்டுப்பாத்தியில் நட்டால், தையிலும் மாசியிலும் மழை குறைந்து இரவு குளிர்ந்திருக்கும் நாட்களில் பூத்துக் காய்க்கும். தக்காளிக்கு இரவு வெக்கை கூடினால் பூ கொட்டும், அதனாலும் நம்முடைய பக்கம் இதுவே நல்ல காலம்.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. நம்முடைய வெயிலில் வாழமுடியாத இந்தக் கிருமி வன்னிக்கு எப்படி வருகிறது? பெரும்பாலும் நாமே கொண்டுவருகிறோம். தம்புள்ளைச் சந்தை வழியாக வரும் மலைநாட்டுத் தக்காளியில் கபிலத் திட்டுள்ள பழத்தையும், முளைத்து அழுகிய உருளைக்கிழங்கையும் கொல்லையில் எறிகிறோம். கிழங்குக்குள் இருக்கிற கிருமி முளையோடு எழும்பிவிடும். அவற்றை ஆழப் புதையுங்கள். தானாக முளைத்த தக்காளி, உருளைக்கிழங்குச் செடிகளை விட்டுவைக்காதீர்கள். வெளியூர் நாற்று வாங்கினால் ஒரு கிழமை தனியாக வைத்துப் பார்த்து நடுங்கள். உருளைக்கிழங்கு வைத்த இடத்துக்குப் பக்கத்தில் தக்காளி வேண்டாம்.

நாளைக் காலை பார்த்ததும், சோதனைப் பையில் என்ன வந்தது, தண்டில் தழும்பு உண்டா, கடை மருந்தின் பெயர் என்ன என்று மூன்றையும் எழுதுங்கள். பின்கருகல் என்று தெரிந்தால் அந்தப் பையைத் திறக்காமலே உங்கள் கமநல சேவை நிலையத்துக்குக் கொண்டுபோய் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். அயலில் தக்காளி வைத்திருப்பவர்களுக்கும், முக்கியமாக அந்த அண்ணருக்கும், அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.